முன் டயர்கள் மட்டும் ஏன் தேய்கின்றன?

கேள்வி: டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நாள்தோறும் ஓடும் என் காரின் முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்துள்ளன. அவற்றைப் பின் டயர்களோடு மாற்றிப் போட்டால் போதுமா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: போதாது. முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் இழுவை, திருப்பம், பிரேக்கின் பெரும்பங்கு ஆகியவற்றை முன் டயர்களே தாங்குவதால் அவை விரைவில் தேய்வது இயல்புதான். ஆனால் உள்விளிம்பு மட்டும் தேய்வது பெரும்பாலும் சக்கரக் கோணம் பிசகியதன் அடையாளமாகையால், முதலில் வீல் அலைன்மென்டையும் சஸ்பென்ஷன் புஷ்களையும் (சக்கரத்தைத் தாங்கும் அமைப்பின் இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்) சோதிக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் இடம் மாற்றினால், பின்னாலிருந்து வரும் நல்ல டயர்களும் அதே கதிக்கு ஆளாகும். (இரு விளிம்புகளும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுப்பகுதி தேய்ந்தால் காற்று மிகுதி.) கோணம் சரியான பிறகு, முன் டயர்களை அதே பக்கத்தில் பின்னுக்கும், பின் டயர்களைக் குறுக்காக முன்னுக்கும், ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி வரலாம்; சுழலும் திசை அம்புக்குறியால் காட்டப்பட்ட டயர்களை மட்டும் பக்கம் மாற்றக் கூடாது. தென்னாப்பிரிக்கச் சட்டம் கோரும் டயர்ப் பள்ளத்தின் குறைந்தபட்ச ஆழம் 1 மில்லிமீட்டர்தான் என்றாலும், கோடைமழையில் உங்கள் வழியான என்3 (N3) நெடுஞ்சாலையில் அதை நம்பிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குனிந்து பார்க்கும்போது உள்விளிம்பில் கம்பியிழை தெரிந்தால், இடமாற்றத்தை மறந்து புதிய டயர்களை வாங்கிவிடுங்கள்.