வெள்ளைத் தாள் ஏன் பளபளக்கவில்லை?

கேள்வி: ஒளியை அதிகமாகப் பிரதிபலிக்கும் பொருள்தான் பளபளக்கிறது என்று படித்தேன். அப்படியானால் பாலிஷ் போடும்போது பொருளில் கூடுதலாக என்ன சேர்கிறது? அலுமினியத் தாளின் ஒரு பக்கம் மட்டும் மின்னுகிறதே, அந்தப் பக்கத்தில் ரசாயனம் ஏதாவது பூசுகிறார்களா?

பதில்: முதல் வாக்கியத்திலேயே தடம் மாறிவிட்டீர்கள். நீங்கள் படித்தது சரியென்றால் வெள்ளைத் தாள் கண்ணைப் பறிக்க வேண்டும். தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் அது திருப்பி அனுப்பிவிடுகிறது. வழவழப்பான கறுப்புக் கண்ணாடித் துண்டோ, நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத்தான் மேற்பரப்பிலிருந்து திருப்பித் தருகிறது, மீதியை விழுங்கிவிடுகிறது. இரண்டையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது பளபளக்கிறது?

எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேளுங்கள். கண்ணாடி தரும் அந்த 4 பங்கு சிதறுவதில்லை. எந்தக் கோணத்தில் விழுந்ததோ அதே கோணத்தில் மறுபக்கம் கிளம்புகிறது. அந்த வழியில் உங்கள் கண் இருந்தால் விளக்கின் உருவமே தெரியும். விளக்கின் பிரகாசத்தில் 4 சதவீதம் என்பது லேசுப்பட்டதல்ல. தாளில் பரவிக் கிடக்கும் வெளிச்சத்தை அது சுலபமாகத் தோற்கடிக்கும். தாள் தன் பங்கை எல்லாத் திசைக்கும் வாரி இறைத்துவிடுகிறது. எங்கிருந்து பார்த்தாலும் ஒரே வெண்மைதான்.

அந்தத் தாளையே கண் மட்டத்துக்கு உயர்த்தி, எதிரே விளக்கை வைத்து, அதன் பரப்பை ஒட்டினாற்போல் பாருங்கள். மங்கலாக ஒரு மினுமினுப்பு தெரியும். சாய்வு கூடக் கூட எந்தப் பரப்பும் அதிக ஒளியைத் திருப்பும். மேடுபள்ளங்களின் தொந்தரவும் குறையும்.

மேடுபள்ளம் என்றால் விரலால் தடவி அறிகிற சமாசாரம் அல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). மேடுகளின் உயரம் அதில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கினால், ஒளியைப் பொறுத்தவரை அது சமதளம். அலைநீளம் கூடினால் இந்தச் சலுகையும் கூடும். சில வானொலித் தொலைநோக்கிகளின் கிண்ணம் வெறும் கம்பி வலைதான். பல சென்டிமீட்டர் நீள அலைகளுக்கு அந்த ஓட்டை வலையே நல்ல பிரதிபலிப்பான்!

இனி பாலிஷ். உப்புத்தாளில் தொடங்கி மேலும் மேலும் நுண்ணிய துகளால் தேய்ப்பவர் எதையும் சேர்ப்பதில்லை. பெரிய கீறலைச் சின்னக் கீறலால் அழிக்கிறார். கீறல்கள் ஒளியலைக்குப் பொருட்டில்லாத அளவுக்குச் சிறுத்ததும் பரப்பு மின்னத் தொடங்குகிறது. மெழுகும் வார்னிஷும் குறுக்கு வழி: பள்ளத்தை நிரப்பி மேலே ஒரு சமதளம் போடுகின்றன. தண்ணீர் கொட்டிய தரை மின்னுவதும், காய்ந்ததும் மங்குவதும் இதனால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பாலிஷ் போட்ட கறுப்பு முன்னைவிடக் கறுப்பாகத் தெரியும். சொரசொரப்பில் சிதறி நிறத்தை வெளிறடித்துக்கொண்டிருந்த வெளிச்சம் இப்போது ஒரே பக்கமாகப் போய்விடுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: சிவப்பு பிளாஸ்டிக் பந்தின் மேல் விழும் ஒளிப்பொட்டு சிவப்பாக இருக்காது, வெள்ளை விளக்கென்றால் வெள்ளையாகவே இருக்கும். பிளாஸ்டிக்கின் மேல்தோல் ஒளியை நிறம் மாற்றாமல் திருப்புகிறது. சிவப்பு, உள்ளே போய் நிறமியில் பட்டு வெளியே வந்த ஒளி. தங்கத்தில் அந்தப் பொட்டும் மஞ்சள்தான். உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒளியை ஆழமாக உள்ளே விடுவதில்லை. தங்கம் நீலத்தை மட்டும் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு மற்றதை வாசலிலேயே திருப்பிவிடுகிறது. தேர்ந்த ஓவியரின் தூரிகைக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

மிச்ச வேலை மூளையுடையது. தலையை அசைத்தால் அந்தப் பொட்டு பரப்பின் மேல் நகர வேண்டும்; நகராவிட்டால் அது பெயின்ட் கறை. புடைத்த பரப்பில் அது மேலே ஒட்டியிருக்காமல் சற்று உள்ளே இருப்பதுபோல் இரு கண்ணுக்கும் தெரியும். 1990-இல் ஆண்ட்ரூ பிளேக், ஹைன்ரிச் பியூல்ட்ஹாஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த ஆழத்தைப் படங்களில் மாற்றிச் சோதித்தார்கள். பளபளப்பு என்ற உணர்வு அந்த ஆழத்தையும் பொறுத்தது என்று தெரிந்தது.

அலுமினியத் தாளுக்கு வருவோம். சாதாரணத் தாளில் பூச்சு கிடையாது, இரு பக்கமும் ஒரே உலோகம். உலோகத்தை உருளைகளுக்கிடையே பல சுற்று நசுக்கித்தான் தாளாக்குகிறார்கள். கடைசிச் சுற்றில் தாள் மிக மெல்லியதாகிவிடுவதால் கிழியாமலிருக்க இரண்டை ஒன்றாகச் சேர்த்து உருளைகளுக்கிடையே விடுகிறார்கள். வழவழப்பான எஃகு உருளையில் பட்ட பக்கம் மின்னுகிறது. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த பக்கங்கள் மங்குகின்றன. மங்கிய பக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு ஒளியைத்தான் திருப்புகிறது, சிதறவிட்டுத் திருப்புகிறது. எந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மடிப்பது என்று அடுத்த வாரம் கேட்காதீர்கள். எப்படி மடித்தாலும் ஒன்றுதான்.