இமேஜ்ஜேயில் ஒரே படத்துக்கு ஒவ்வொரு முறையும் வேறு செல் எண்ணிக்கை வருவது ஏன்?

சிங்கப்பூரில் பாலிடெக்னிக் இறுதியாண்டு படிப்பதாகவும், நுண்ணோக்கிப் படங்களை அளக்கும் மென்பொருளான இமேஜ்ஜேயில், டாப்பி (டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் சாயம்) இட்ட செல் உட்கருக்களை எண்ணினால் எண்ணிக்கை நிலையாக இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு பெரும்பாலும் திரெஷோல்டில்தான். 8 பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு பிரகாச மதிப்பு உண்டு. எந்த மதிப்புக்கு மேல் உட்கரு, எதற்குக் கீழ் பின்னணி என்று பிரிக்கும் கோடுதான் திரெஷோல்டு. அதைக் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற இடத்துக்கு இழுத்து வைத்தால் இன்று 60, நாளை 72 என்று போகும். எண்ணிக்கையும் கூடவே ஆடும். ஓட்சு போன்ற தானியங்கி முறை ஒன்றைத் தேர்ந்து, எல்லாப் படங்களுக்கும் அதையே வையுங்கள்.

வெளிச்சம் ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால், திரெஷோல்டு வைக்கும் முன்பே, பின்னணி வெளிச்சத்தைக் கழிக்கும் 'சப்ட்ராக்ட் பேக்கிரவுண்ட்' செய்துவிடுங்கள். திரெஷோல்டு வைத்த அப்புறம், ஒட்டிக்கொண்ட உட்கருக்களைப் பிரிக்க 'வாட்டர்ஷெட்'. வட்டமானவற்றை அது அழகாகப் பிரிக்கும். நீண்டு வளைந்தவற்றைக் கண்டபடி வெட்டிவிடும். கடைசியில் எண்ணுவதற்கு 'அனலைஸ் பார்ட்டிகிள்ஸ்'. அதில் குறைந்தபட்சப் பரப்பளவு கொடுத்தால் தூசி கணக்கில் வராது.

வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படத்தை மட்டும் அளக்காதீர்கள். எம்ஆர்டி ரயிலில் போகும்போதே வேலையை முடித்துவிடலாம் என்று நானும் ஒருமுறை செய்து, பாதி நாளைத் தொலைத்தேன். சுருக்கும்போதே புள்ளி மதிப்புகள் மாறிவிடுகின்றன. மைக்ரோஸ்கோப் தந்த மூல டிஃப் கோப்புதான் வேண்டும்.

நான்கைந்து படங்களைக் கையாலும் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். செல்கள் மிகவும் நெருக்கமாக இருந்து வாட்டர்ஷெட் தடுமாறினால் செல்களைத் தானே பிரித்தறியும் ஏஐ கருவிகளான ஸ்டார்டிஸ்ட் அல்லது செல்போஸ் முயலலாம், இரண்டும் இலவசம்.