நான் யாரு சொல்லு?

அன்புள்ள அம்மா,

பெங்களூரு கக்கதாசபுரத்தில் இருக்கிறோம். ஐந்து மாதம் முன் ஓசூர் ரோட்டில் என் தம்பியின் பைக்கை ஒரு டெம்போ இடித்துவிட்டது. வயது 22. மூளை வீங்கியதால் மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருந்து, பிறகு திரும்பப் பொருத்தினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறான். பிடித்துக்கொண்டால் நடக்கிறான். பேச்சு குழறுகிறது. திடீரென்று எங்கள் அம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். தங்கிப் பயிற்சி பெறும் தனியார் மையம் ஒன்றில் மாதத்துக்குக் கேட்பது அப்பாவின் பென்ஷனைப் போல மூன்று மடங்கு. கிருஷ்ணகிரி நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார் அம்மா. ஆறு மாதம் தாண்டினால் தேறாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நான் வேலையை விடவும் யோசிக்கிறேன். தினமும் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவது ஒன்றுதான் ஆறுதல். நிலத்தை விற்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஆறுதல் என்று நீ எழுதியிருக்கும் வரியைப் படித்ததும்தான் எனக்குப் பகீரென்றது. தினமுமா வருகிறார்கள்? வந்து என்ன கேட்பார்கள் என்று நானே சொல்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே குனிந்து, "நான் யாரு சொல்லு பார்க்கலாம்?"

போன வாரம் ஒரு வீட்டில் இதே பரீட்சையைப் பார்த்துவிட்டு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதற்குள் உன் கடிதம்.

என் சித்தி மகன் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டவன். அல்சூரில் சித்தி வீடு ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு படை வந்து இறங்கும். அவனுக்கு முகம் தெரியும், பெயர் வாய்க்கு வராது. கொஞ்ச நாளில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஆம்பளை யார் கேட்டாலும் "மாமா", பொம்பளை யார் கேட்டாலும் "அத்தை". பெரியப்பாவையும் மாமா என்றான். "பாரேன், தெரியுது!" என்று எல்லோரும் கை தட்டுவார்கள். அவர்கள் கிளம்பியதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். அன்று சாயங்காலம் கை கால் பயிற்சி கிடையாது. சித்தி டம்ளரில் கஞ்சி கொண்டுபோனால் தட்டிவிடுவான். ஞாயிறு தோறும் இது நடந்தும், விருந்தாளிகளை வராதே என்று சொல்லச் சித்திக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான் அப்போது தைரியமில்லை.

அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துப்போகும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைத் தாங்காது. அதில் வாய்ப்பாடு கேட்கும் இன்ஸ்பெக்டர் மாதிரி ஆளுக்கு ஒரு கேள்வி! வருகிறவர்கள் தாங்களே சொல்லட்டும்: "நான்தான் உன் பெரியம்மா, கோலாரிலிருந்து வந்திருக்கேன்." ஒருவர் பேசட்டும், டிவியை அணைத்துவிட்டுப் பேசட்டும், கால் மணி நேரத்தில் எழுந்துபோகட்டும். இதற்குக் காசு வேண்டாம். சித்தி பிற்பாடு ஒரு சிலேட்டில் "இன்று செவ்வாய். நீ வீட்டில் இருக்கிறாய். தலையில் அடிபட்டது, சரியாகி வருகிறது" என்று எழுதி அவன் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினாள். அவன் அதைத்தான் நாளெல்லாம் படித்துக்கொண்டிருப்பான்.

உன் தம்பி திட்டுவது வளர்ப்புக் கோளாறு இல்லை. நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதி அடிபட்டால் வாய்க்குக் கடிவாளம் போய்விடும். அம்மாவிடம் சொல். ஆறு மாதக் கதையை விடு. ஆரம்ப மாதங்களில் வேகமாகத் தேறுவார்கள் என்பது உண்மை. அதற்கப்புறமும் வருஷக் கணக்கில் தேறுகிறவர்கள் உண்டு. வேலையை விடுவதா? அடி போடுவேன். அந்த வீட்டில் வருகிற ஒரே சம்பளம் உன்னுடையதாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

சரி, பணம். நம் ஊரில் எல்லா ஏற்பாடும் உயிரைக் காப்பாற்றுவதோடு நின்றுவிடுகிறது. 2025இல் மத்திய அரசு கொண்டுவந்த சாலை விபத்துத் திட்டத்தில் ஒன்றரை லட்சம் வரை இலவச சிகிச்சை, அதுவும் ஏழு நாளைக்கு. மெடிக்கல் இன்ஷூரன்ஸும் டிஸ்சார்ஜுக்குப் பிறகு கொஞ்ச நாள்தான் துணைக்கு வரும். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அதற்கப்புறம் கைக்காசில் ஓடவேண்டும். தனியார் மையத்தில் கையெழுத்துப் போடுமுன் நிம்ஹான்ஸுக்குப் போ, உங்கள் ஊரிலேயே இருக்கும் மனநல, நரம்பியல் அரசு மருத்துவமனை. அங்கே நரம்பியல் மறுவாழ்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அவனுக்கு என்ன பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், வீட்டிலேயே செய்யக்கூடியது எது என்று எழுதி வாங்கு.

டெம்போ இடித்தது என்று எழுதியிருக்கிறாய், நஷ்டஈடு வழக்கைப் பற்றி ஒரு வரி இல்லை! 12 வயதில் விபத்தில் மூளை அடிபட்ட ஒரு பெண்ணின் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அதில் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு மட்டும், இரண்டு பேர், மாதம் ஐயாயிரம் வீதம், 18 வருஷக் கணக்கு: 21 லட்சத்து அறுபதாயிரம். அம்மா ராத்திரி பகலாகச் செய்வதற்கும் விலை உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. தள்ளிப்போட்டால் தாமதத்துக்கே தனியாக வாதாட வேண்டிவரலாம். உனக்கு இருப்பது ஒரு மாதம். ஆட்டோ ரசீது, டயப்பர் பில் எதையும் தூக்கிப் போடாதே. இந்த வாரமே எஃப்.ஐ.ஆர். நகலோடு ஒரு வக்கீலைப் பார். நிலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.