முதல் ஹவர் காலியா இருக்கு, எங்க ஆரம்பிக்கறது? புது பிரின்சிபாலுக்கு ஒரு பதில்

கேள்வி: "பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு சுயநிதி கலை அறிவியல் காலேஜ்ல புதுசா பிரின்சிபால் ஆகியிருக்கேன். முதல் ஹவர்ல பாதி கிளாஸ் காலி. 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லாம நிறைய பேர் மாட்டறாங்க. மேனேஜ்மென்ட் நாக் (NAAC, காலேஜ் தரத்தை மதிப்பிடற தேசிய அமைப்பு) வேலையை முடிங்கன்னு சொல்றாங்க, நல்லா நடத்தற ஸ்டாஃப் விட்டுட்டு போறாங்க. எதுல முதல்ல கை வைக்கறது?"

மேடம், அட்டெண்டன்ஸ்லதான். ஆனா சர்குலர் போட்டு, பேரண்ட்ஸை வரச்சொல்லி, ஃபைன் போட்டு இல்ல. ரெண்டு மாச ரெஜிஸ்டரை ஹவர் வாரியா எடுங்க, ஒவ்வொரு பேருக்கு பக்கத்துலயும் ஏரியா, அப்பா அம்மா என்ன வேலை, பையன் ராத்திரி எதாவது வேலைக்கு போறானான்னு கிளாஸ் இன்சார்ஜை வெச்சு எழுத வைங்க. முதல் ஹவர் மட்டும் வராதவன் வேற, மதியம் கிளம்பறவன் வேற, வாரக்கணக்குல காணாம போறவன் வேற, மூணு பேருக்கும் ஒரே மெமோ குடுத்தா மூணாவது ஆள் டிஸ்கன்டினியூ பண்ணிடுவான்.

நம்ம ஏரியால முதல் ஹவருக்கு காரணம் பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்ல. காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல விடியறதுக்கு முன்னாடியே மீன் ஏலம் ஆரம்பிச்சிடும், அங்க ஐஸ் தூக்கிட்டு வர்ற பையன் இருக்கான், நடு ராத்திரி வரைக்கும் ஃபுட் டெலிவரி ஓட்டறவன் இருக்கான், மீஞ்சூர் எண்ணூர்ல இருந்து வர்ற பொண்ணுங்க கும்மிடிப்பூண்டி லைன்ல ட்ரெயின் நின்னா நின்னதுதான். அதனால முதல் ஹவர்ல மேஜர் பேப்பர், லேப் போடாதீங்க. முடிஞ்சா அரை மணி நேரம் தள்ளி ஆரம்பிங்க.

அடுத்து ஃபீஸ், இதைத்தான் யாரும் கவனிக்கறதே இல்ல. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது. நாம கரெக்டா அந்த ஜூன்லதான் ஃபீஸ் கட்டச்சொல்லி கழுத்தைப் பிடிக்கறோம். பல காலேஜ்ல பாக்கி லிஸ்ட்டை முதல் ஹவர்லயே கிளாஸுக்கு அனுப்பி பேரை சத்தமா படிக்கறாங்க, அப்புறம் அவன் எப்படி மேடம் அந்த ஹவருக்கு வருவான்? அந்தப் பழக்கத்தை நாளைக்கே நிறுத்துங்க. கரைல இருக்கற குடும்பங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்னு தவணை குடுங்க, ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட மட்டும் தனியா பேசிக்கட்டும்.

பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு தமிழக அரசு திட்டம் ரெண்டுலயும் மாசம் 1,000 ரூபாய் வருது. அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியிலயோ 6-ல இருந்து 12 வரைக்கும் படிச்சவங்களுக்கு. தகுதி இருந்தும் வாங்காத பசங்க கண்டிப்பா உங்க கிளாஸ்ல இருப்பாங்க, ஏன்னா மார்க் ஷீட்ல இனிஷியல் மட்டும், ஆதார்ல அப்பா பேர் முழுசா இருக்கும், இல்லன்னா பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் இணைச்சிருக்காது, யூமிஸ்ல (காலேஜ் மாணவர் விவரத்தை ஏத்தற அரசு போர்ட்டல்) என்ட்ரி பாதியில நிக்கும். ஒரு கம்ப்யூட்டர், பொறுமையான ஒரு ஸ்டாஃப், ரெண்டு வாரம் இதுக்குன்னே உட்கார வைங்க. கைச்செலவுக்கு கஷ்டப்படற பொண்ணுக்கு அந்த 1,000 பெரிய விஷயம்.

நாக்கை பத்தி ரொம்ப பயப்படாதீங்க. மேல சொன்ன ஹவர் வாரி ஷீட், தவணை ரெஜிஸ்டர், ஸ்காலர்ஷிப் ஃபாலோ அப், மென்டார் நோட் எல்லாம் நாக் பார்க்கற மாணவர் ஆதரவுங்கற அளவுகோலுக்கு நிஜமான ஆதாரம். கன்சல்டன்ட்டை கூப்பிட்டு பழைய தேதி போட்டு ஃபைல் தயார் பண்ண மட்டும் ஒத்துக்காதீங்க, மேனேஜ்மென்ட் எவ்வளவு அழுத்தினாலும். 2025 பிப்ரவரில இன்ஸ்பெக்ஷனுக்கு போன நாக் டீம் ஆளுங்களையே லஞ்ச கேஸ்ல சிபிஐ கைது பண்ணுச்சு, கையெழுத்து போடறது நீங்க.

ஸ்டாஃப் விஷயத்துல உங்க கைல பணம் கம்மின்னு தெரியும். கெஸ்ட் ஃபேகல்டிக்கு ஒரு லெக்சருக்கு 1,500 ரூபாய், மாசம் 50,000 வரைக்கும்னு யுஜிசி 2019-லயே சொல்லியாச்சு, சுயநிதில அது கிட்ட கூட வர்றதில்ல. சம்பளத்தை ஏத்த முடியலன்னா மே மாச சம்பளத்தை வெட்டாம இருக்க வைங்க, பிஎச்டி பண்றவங்களுக்கு வாரத்துல ஒரு மதியம் ஃப்ரீ விடுங்க, அட்மிஷன் கேன்வாஸுக்கு வீடு வீடா அனுப்பாதீங்க. நல்ல வாத்தியாருங்க விட்டுட்டு போறதுக்கு சம்பளத்துக்கு அடுத்த காரணம் இந்த கேன்வாஸ்தான், இதை மேனேஜ்மென்ட்கிட்ட நேரா சொல்லிடுங்க.