தோட்டப் பாதைக்கும் டவுனுக்கும் சின்ன மின் பைக் சரிவருமா?

தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டிலும் ஓட வேண்டும், டவுனுக்கும் போய்வர வேண்டும், சர்ரோன் லைட் பீ மாதிரி இலகுரக மின் பைக் நுவரெலியா பக்கம் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவரும். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டரை நம்பி வாங்காதீர்கள். அது மட்டமான ரோட்டுக்கான கணக்கு. நாம் பார்க்க வேண்டியது எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பதை.

அந்த பைக்கின் எடை ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோதான். பேட்டரி சுமார் 2 யூனிட் மின்சாரம் பிடிக்கும். பைக்கும் ஆளுமாக 130 கிலோ என்று வையுங்கள். அதை 1000 மீட்டர் மேலே ஏற்ற, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால், கிட்டத்தட்ட அரை யூனிட் போய்விடும். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 1400 மீட்டர் ஏற்றம். ஏறுவதற்கு மட்டுமே பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு காலி. அதற்கு மேல் ஐம்பது கிலோமீட்டருக்கும் கூடிய ஓட்டம் இருக்கிறது. முழு சார்ஜில் கிளம்பினாலும் மேலே போய்ச் சேர்வது சந்தேகம்தான். தோட்டத்திலிருந்து பத்துக் கிலோமீட்டரில் உள்ள டவுன் என்றால் யோசிக்காமல் போய்வரலாம்.

உயரம் கூடக் கூட பெட்ரோல் இன்ஜினின் வலு குறையும். மின் மோட்டாருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கிளட்சும் இல்லை. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஏறும் செங்குத்துப் பாதையில் நின்று கிளம்புவது சுகம்.

இறக்கம் வேறு கதை. முதல் கியரில் போட்டு இன்ஜினால் பிடித்து இறங்கும் பழக்கம் இதில் நடக்காது. பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கே மின்சாரம் திரும்பும் வசதி உண்டு. ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை, மோட்டாரின் பிடியும் குறைந்துவிடும். வீடு மேட்டில் என்றால் காலையில் முழுக்க நிரப்பாமல் எண்பத்தைந்து சதவீதத்தோடு கிளம்புவது நல்லது. மழை நாளில் பிரேக் பேடையும் அடிக்கடி பாருங்கள்.

அப்புறம் சத்தம். பனிமூட்டத்தில் கொழுந்து சுமந்து வருபவர்களுக்கு நீங்கள் வருவதே கேட்காது. வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தே ஆக வேண்டும்.

பைக் ரோட்டோரத்திலும் லயம் படிக்கட்டுக்கு மேலேயும் இருந்தால் பேட்டரியை மட்டும் கழற்றித் தூக்கிப் போகலாம். நல்ல கனம், ஆனால் முடியும்.

காசு கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இதைப் பதிய முடியுமா? இந்த ரகத்தில் பல, காட்டுப் பாதைக்கென்றே சிக்னல் லைட், கண்ணாடி இல்லாமல் வருகிறவை. பதிய முடியாவிட்டால் டவுன் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.