ரப்பர் தலைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் படிக்கும் என் மகன் விரும்பிக் கேட்கிறானே என்று குவார் என்ற அமெரிக்கக் குழுவின் கச்சேரி ஒன்றை யூடியூபில் பார்த்தேன். அரக்க வேஷக்காரர்கள் மேடையில் ஓர் அரசியல்வாதியின் தலையைச் சீவுகிறார்கள். கழுத்திலிருந்து பீறிடும் ரத்தம் கூட்டத்தின் மேல் கொட்டுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து என் மகனும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இசை தெரியாததை மறைக்கப் போடும் வேஷம்தானே இது? கொடூரத்தைச் சிரிப்பாக்கினால் மனசு மரத்துப்போகாதா?

எஸ்.ஆர்., ஈரோடு

அன்புள்ள எஸ்.ஆர்.,

குவார் பிறந்ததே கிண்டலில்தான். 1984, வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம். கைவிடப்பட்ட பழைய பால் ஆலை ஒன்றில் ஹன்டர் ஜாக்சன் என்பவர் தன் விண்வெளிப் படத்துக்கு உடைகள் செய்துகொண்டிருந்தார். அங்கேயே ஒத்திகை பார்த்த டெத் பிக்கி என்ற பங்க் (முரட்டு ராக்) இசைக்குழுவின் டேவ் புராக்கி அவற்றை இரவல் வாங்கி, தன் கச்சேரிக்கு முன்னால் ஒரு போலிக் குழுவை மேடையேற்றினார். ஜனங்கள் போலியைப் பார்த்துவிட்டு, அசல் வருமுன் கிளம்ப ஆரம்பித்தார்கள். டெத் பிக்கி ஒழிந்தது, குவார் நிலைத்தது.

நீங்கள் பார்த்த ரத்தம் சாயத் தண்ணீர். ரசிகர்கள் வேண்டுமென்றே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசைக்கு முட்டிமோதுவார்கள். கறைபட்ட சட்டைதான் அவர்களுக்குப் பிரசாதம். சீவப்படும் தலைகளில் கட்சி பேதம் கிடையாது. ரீகன் முதல் டிரம்ப் வரை, நடுவில் போப்பாண்டவர் உட்பட.

இசை தெரியாதவர்களா? 1990இல் வந்த ‘ஸ்கம்டாக்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்’ ஆல்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வேஷம் எவ்வளவுக்கெவ்வளவு கோணங்கியோ, டிரம்ஸ் அவ்வளவுக்கவ்வளவு கறாராக இருந்தாக வேண்டும். வாசிப்பவனும் சேர்ந்து இளித்தால் நகைச்சுவை செத்தது. பால்டிமோரின் ஹேட்பீக் குழுவுக்குப் பாடகர் வால்டோ என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. கிளியை வதைக்கக்கூடாது என்று அவர்கள் கச்சேரிக்கே போவதில்லை. பின்னால் இருக்கும் இரண்டு பேரும் சிரிக்காமல் அக்மார்க் டெத் மெட்டல் (உறுமல் குரலும் அதிரடி கிடாரும் கொண்ட ராக்) வாசிப்பதால்தான் அது எடுபடுகிறது. (இரண்டு பாட்டுக்கு மேல் எனக்குத் தாங்காது என்பது வேறு விஷயம்.)

இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த கார்கஸ் குழுவினர் இன்னும் நுட்பமானவர்கள். 1988இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டை முழுக்கப் பிரேதப் பரிசோதனைப் படங்கள். வரிகள் மருத்துவ அகராதியிலிருந்து அள்ளியவை. அதையும் ஒரு சொல் விளங்காதபடி தொண்டைக்குள் கரகரப்பார்கள். எழுதியவர்களோ சைவம். கசாப்புக்கடையில் ஆட்டுக்கு நடப்பதை மனுஷ உடம்புக்கு நடத்திக் காட்டினார்கள், முகத்தில் சலனமே இல்லாமல். பிபிசி வானொலியின் இசைத் தொகுப்பாளர் ஜான் பீல் அந்த வருஷம் தனக்குப் பிடித்த ஆல்பமாக அதைத்தான் சொன்னார்.

மனசு மரத்துப்போகுமா? 2014 மார்ச்சில் புராக்கி ஹெராயினுக்குப் பலியானார். ஆகஸ்டில், அவர் மேடையில் அணிந்த அரக்க உடையை ரசிகர்கள் முன்னால் ஏரியில் மிதக்கவிட்டு, பழங்கால வைக்கிங் கடலோடிகளின் ஈமச்சடங்கு முறைப்படி கொளுத்தினார்கள். வருஷக்கணக்காகச் சாயத்தில் குளித்துச் சிரித்த கூட்டம்தான் கரையில் நின்று அழுதது. மரத்துப்போனவர்களாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் பயம் செல்லுபடியாகும் இடம் ஒன்று உண்டு. சிகாகோ பக்கத்து மெக்காபர் குழு தன் இசையை ‘மர்டர் மெட்டல்’ என்றே சொல்லிக்கொள்கிறது. நிஜத் தொடர்கொலைகாரர்களைப் பற்றிய பாட்டுகள், பல குழந்தைப் பாடல் மெட்டுகளில். 2000இல் வந்த ஆல்பம் முழுக்க ஜெஃப்ரி டாமர் என்ற அமெரிக்கத் தொடர்கொலைகாரன். குவார் மேடையில் தலை போனவர் மறுநாள் காலை அலுவலகம் போய்க் கோப்பில் கையெழுத்துப் போடுவார். டாமர் கொன்ற 17 பேரும் நிஜமாகவே செத்தவர்கள், பெரும்பாலும் ஏழை இளைஞர்கள். அவர்களுடைய அம்மாக்கள் நீதிமன்றத்தில் அழுதது டிவியில் வந்தது. அதைத் தாலாட்டு மெட்டில் பாடினால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசிப்பு அபாரம்; அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

மகனிடம் குவாரைப் பற்றிக் கேட்காதீர்கள், மெக்காபரைக் கேட்கிறானா என்று விசாரியுங்கள்.