நிரல் ஓடிவிட்டது, விடைதான் இடிக்கிறது

உங்கள் புள்ளியியல் நிரல் எங்கே மக்கர் செய்கிறது என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்தேன். சிவப்பு எழுத்தில் எரர் வந்து நின்றுபோனவை ஒன்று. எரரே வராமல் தப்பான எண்ணைக் கொடுத்தவை இன்னொன்று. முதல் கட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்குப் பதில் குட்டையாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் மருத்துவ ஆய்வுத் தரவைக் கட்டி மேய்த்தவள் நான். என் தூக்கத்தைக் கெடுத்தது எப்போதும் இரண்டாவது கட்டுதான்.

கே: ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் வயது நெடுவரிசையை எண்ணாக மாற்றினேன். எல்லோருடைய வயதும் 1, 2, 3 என்று ஆகிவிட்டது. ஆய்வில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பெரியவர்கள்!

ப: அந்த நெடுவரிசை ஃபேக்டராக, அதாவது வகைகளைப் பதிந்துவைக்கும் வடிவத்தில், இருந்திருக்கிறது. ஆர் ஒவ்வொரு தனி மதிப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து அதை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளும். உண்மையான மதிப்பு மேலே ஒட்டிய லேபிள். 23, 45, 45, 67 என்ற நான்கு வயதும் உள்ளே 1, 2, 2, 3 தான். நீங்கள் எண்ணாக்கும் கட்டளையான அஸ்.நியூமெரிக் போட்டதும் லேபிளைக் கழற்றிவிட்டு உள்ளே இருந்ததைக் கையில் கொடுத்துவிட்டது. முதலில் எழுத்தாக்கும் அஸ்.கேரக்டர், அதற்கு மேல் அஸ்.நியூமெரிக் என்று போடுங்கள்.

அதோடு எழுந்து போய்விடாதீர்கள். எண்கள் மட்டுமே இருந்த நெடுவரிசையை ஆர் கோப்பிலிருந்து படிக்கும்போது ஃபேக்டராக ஆக்காது. யாரோ ஒரு கட்டத்தில் 'தெரியாது' என்றோ '45 வயது' என்றோ தட்டியிருப்பார்கள். அதனால் மொத்த நெடுவரிசையும் எழுத்தாகிவிடும். 2020இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்னால், அப்படி எழுத்தானதை ஆர் தானாகவே ஃபேக்டராக்கும். இப்போது நிறுத்திவிட்டார்கள், ஆனால் பழைய நிரலை வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் வருகிறது. மாற்றும்போது சில மதிப்புகள் என்ஏ, அதாவது விடுபட்ட மதிப்பு, ஆகிவிட்டதாக ஓர் எச்சரிக்கை வரும். எந்த வரிசைகள் என்று எடுத்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை சிக்கியது, 40 என்பதில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்த ஆங்கில எழுத்து 'ஓ'. திரையில் வித்தியாசமே தெரியவில்லை.

கே: 'க்ளோஷர் வகைப் பொருளைத் துண்டு போட முடியாது' என்று ஆர் சொல்கிறது. க்ளோஷர் என்றால் என்ன?

ப: ஃபங்ஷனுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் கட்டளைக்கு, உள்வீட்டுப் பெயர். உங்கள் தரவுக்கு 'டிஎஃப்' என்று பெயர் வைத்திருப்பீர்கள், அதை ஏற்றும் வரியை ஓட்ட மறந்திருப்பீர்கள். எஃப் பரவல் என்ற நிகழ்தகவுப் பரவலுக்கான ஃபங்ஷன் ஒன்று அதே பெயரில் ஆரில் ஏற்கெனவே இருக்கிறது. ஆர் அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. தரவுக்கு வேறு பெயர் வையுங்கள்.

கே: அதே எண்கள். திட்ட விலக்கம் ஆரில் ஒன்று, பைத்தான் மொழியில் நம்பை என்ற கணக்குத் தொகுப்பு கொடுப்பது இன்னொன்று. யாரை நம்புவது?

ப: இரண்டையும் நம்பலாம். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்று எட்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 5. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 32. அதை 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2. இது நம்பையின் வழக்கம். 7ஆல் வகுத்தால் 2.138. இது ஆரின் வழக்கம். கையில் இருப்பது பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த ஒரு மாதிரி (சாம்பிள்) மட்டும்தான் என்றால் 7ஆல் வகுப்பதுதான் முறை. நம்பையில் டிடாஃப் என்ற இடத்தில் 1 போட்டால் இரண்டும் ஒத்துப்போகும். வேடிக்கை என்னவென்றால், நம்பையின் மேல் கட்டப்பட்ட பாண்டாஸ் என்ற தரவுத் தொகுப்பு ஆரோடு சேர்ந்துகொண்டு ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் வகுக்கும். ஒரே நிரலுக்குள் இரண்டு விடை வருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கே: எங்கள் ஆய்வில் நான்கு சிகிச்சைப் பிரிவுகள். 'அ', 'ஆ' இரண்டையும் மட்டும் எடுக்க, ஆரில் 'சமமா' என்று ஒப்பிடும் == குறியைப் போட்டு, வலப்பக்கம் இரண்டு பெயரையும் கொடுத்தேன். எரர் இல்லை. ஆனால் ஆட்கள் குறைகிறார்கள்.

ப: இந்தக் கடிதத்தைப் படித்ததும் பழைய காயம் ஒன்று வலித்தது. இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் நினைத்தது, 'அ அல்லது ஆ எதுவாக இருந்தாலும் எடு' என்று. ஆர் புரிந்துகொண்டது, 'முதல் வரிசையை அ-வோடு ஒப்பிடு, இரண்டாவதை ஆ-வோடு, மூன்றாவதை மறுபடி அ-வோடு' என்று. குட்டையான பட்டியலைத் திரும்பத் திரும்ப ஓட்டி, நீளமானதற்குச் சமமாக்கிவிடும். ஆறு வரிசை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: அ, அ, ஆ, ஆ, அ, ஆ. ஆறுமே உங்களுக்கு வேண்டியவை. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் தப்பான எழுத்தோடு மோதி விழுந்துவிடும், நான்குதான் தேறும். வரிசைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நீளம் பொருந்தவில்லை என்று ஆர் முணுமுணுக்கவாவது செய்யும். இரட்டைப்படை என்றால் மூச்சு விடாது.

என் விஷயத்தில் பாதிப் பேர் காணாமல் போயிருந்தார்கள். வரைபடம் அழகாக வந்தது, சராசரிகளும் நம்பும்படி இருந்தன. எந்த வரிசை விழும் என்பது கிட்டத்தட்டக் குருட்டாம்போக்கில்தானே நடக்கிறது, சராசரி ஏன் மாறப்போகிறது? பிழை இல்லாதது போலவே இருந்ததற்கு அதுதான் காரணம். அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகு, ஆட்களைச் சேர்க்கும் வேலை பார்த்த ஒருவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நான் சேர்த்ததே இதைப்போல இரண்டு மடங்கு இருக்குமே மேடம்" என்றார். அவருக்கு ஆரும் தெரியாது, பைத்தானும் தெரியாது. எண்ணத் தெரியும்.

== க்குப் பதில், 'இந்தப் பட்டியலில் இருக்கிறதா' என்று கேட்கும் %இன்% போடுங்கள். அப்புறம், வடிகட்டும் வரிக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை வரிசை என்று அச்சிடும் வரியைச் சேருங்கள். அன்றைக்குப் பிறகு நான் அதை விட்டதே இல்லை.

கே: இத்தனை வருஷம் சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் வேலை. இப்போது ஸ்டாட்டா என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாறினேன். அறுபதைத் தாண்டியவர்களை எடுக்கும் வரி அப்படியே இருக்கிறது, ஆட்கள் மட்டும் கூடிவிட்டார்கள்.

ப: வயது பதிவாகாதவர்கள் அத்தனை பேரும் உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஸ்டாட்டாவில் விடுபட்ட மதிப்பு எந்த எண்ணைவிடவும் பெரியது. சாஸில் அதுவே எந்த எண்ணைவிடவும் சிறியது. அதனால் சாஸில் 'பதினெட்டுக்குக் கீழே' என்று கேட்கும்போது ஏமாறுவீர்கள், ஸ்டாட்டாவில் 'அறுபதுக்கு மேலே' என்று கேட்கும்போது. நீங்கள் சாஸில் குழந்தைகளைத் தேடியிருந்தால் முன்பே மாட்டியிருப்பீர்கள். பெரியவர்களையே தேடிக்கொண்டிருந்ததால் பிழைத்தீர்கள்.

மற்றவை இன்னும் விதவிதம். ஆரில் என்ஏ என்பது 'தெரியாது' என்று பொருள். தெரியாத வயது அறுபதைவிடப் பெரிதா என்று கேட்டால், தெரியாது என்றே பதில் வரும். சதுர அடைப்புக்குறியில் வடிகட்டினால் அந்த ஆட்கள் வெறும் என்ஏ வரிசைகளாகத் தொங்குவார்கள். சப்செட் என்று எழுதினால் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். சராசரி கேட்டால் ஆர் என்ஏ என்று கையை விரிக்கும், விட்டுவிட்டுக் கணக்குப் போடு என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாண்டாஸோ கேட்காமலே விட்டுவிட்டுக் கணக்குப் போடும். நிறையப் பேர் பாண்டாஸ் சமத்து என்பார்கள். எனக்கு ஆரின் பிடிவாதம்தான் பிடிக்கும்.

இவை எல்லாம் விடுபட்டது விடுபட்டதாகவே பதிவாகியிருந்தால். பழைய கோப்புகளில் எடை தெரியாதவருக்கு 999 என்று தட்டி வைத்திருப்பார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்கு அப்படி இருந்தால் போதும், 62 கிலோ சராசரி 109 கிலோ ஆகிவிடும். அதுகூடப் பரவாயில்லை, பார்த்ததும் சிரிப்பு வரும், தேடுவோம். எனக்கு ஒரு கோப்பில் வயதுக்கு 99 வைத்திருந்தார்கள். 99 வயதில் ஆள் இருக்கக்கூடாதா என்ன? சராசரி இரண்டு மூன்று வயது ஏறியது, யாருக்கும் உறுத்தவில்லை. வயதை ஹிஸ்டோகிராமாக வரைந்தபோதுதான் வலது ஓரத்தில் தனியாக ஒரு கம்பம் நின்றது.

கே: நோயாளிகள் பட்டியலையும் பரிசோதனைப் பட்டியலையும் இணைத்தால் வரிசைகள் பல மடங்கு ஆகின்றன.

ப: இணைக்கும் எண் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு நோயாளி எண் இடது பக்கம் 3 முறை, வலது பக்கம் 4 முறை இருந்தால் 12 வரிசை பிறக்கும். இதைப் பலரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தப்புவது வெற்று எண்கள். ஆரிலும் பாண்டாஸிலும் வெற்று எண் இன்னொரு வெற்று எண்ணோடு பொருந்தும். இடது பக்கம் 50 பேருக்கு எண் இல்லை, வலது பக்கம் 40 பேருக்கு இல்லை என்றால், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இவர்களுக்குள் 2,000 ஜோடி சேர்ந்துவிடும். இணைப்பதற்கு முன்னால் வெற்று எண்களைத் தனியே எடுத்து வையுங்கள். பாண்டாஸில் இணைக்கும்போதே வேலிடேட் என்று கொடுத்து, ஒன்றுக்கு ஒன்றுதான் என்று நிபந்தனை போடலாம். மீறினால் நின்றுவிடும்.

கே: ஒரே நிரல், ஒரே சீட் எண் (கணினியின் குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்). என் கணினியிலும் நண்பர் கணினியிலும் வேறு வேறு ஆட்கள் தேர்வாகிறார்கள்.

ப: ஒருவரிடம் ஆர் 3.6.0க்கு முந்தைய பதிப்பு இருக்கும். 2019இல் அந்தப் பதிப்பு வந்தபோது, சாம்பிள் ஃபங்ஷன் ஆளைப் பொறுக்கும் முறையைத் திருத்தினார்கள். சீட் எண்ணோடு பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.

கே: விளைவு வருமா வராதா என்று கணிக்கும் லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் ஒரு மாறிக்கு மட்டும் கெழு 20க்கு மேல், திட்டப் பிழை ஆயிரக்கணக்கில். பி மதிப்பு 0.99. அந்த மாறிக்குத் தொடர்பே இல்லை என்று எழுதிவிடலாமா?

ப: எழுதிவிடாதீர்கள்! பெரும்பாலும் உண்மை நேர்மாறாக இருக்கும். அந்த மாறியையும் விளைவையும் ஒரு நான்கு கட்ட அட்டவணையாகப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருக்கும். அதாவது அந்த மாறி இருந்தவர் ஒவ்வொருவருக்கும் விளைவு வந்திருக்கிறது, அல்லது ஒருவருக்குக்கூட வரவில்லை. அந்தப் பிரிவில் நிகழ்தகவு சரியாக 1 அல்லது 0 ஆக வேண்டுமானால் கெழு முடிவிலிக்குப் போக வேண்டும். கணினி போய்க்கொண்டே இருந்து, ஓரிடத்தில் களைத்து நின்றிருக்கிறது. நிகழ்தகவுகள் 0 அல்லது 1 ஆகிவிட்டன என்று ஓர் எச்சரிக்கை வந்திருக்க வேண்டுமே, கவனித்தீர்களா? 1993இல் டேவிட் ஃபர்த் என்ற புள்ளியியலாளர் முன்வைத்த திருத்த முறை இதற்கு உதவும், ஆரில் தயார் பேக்கேஜ்கள் உண்டு.

கே: 0.1 + 0.2 கூட்டினால் 0.3 இல்லை என்கிறது கணினி. என் கணினி கெட்டுவிட்டதா?

ப: இல்லை. 0.1ஐ கணினி பயன்படுத்தும் இரும எண்முறையில் (0, 1 மட்டும் கொண்டது) முழுதாக எழுத முடியாது, மூன்றில் ஒன்றை 0.333 என்று எழுதி நிறுத்துவது போலத்தான். தசம எண்களை == போட்டு ஒப்பிடாதீர்கள்; வித்தியாசம் மிகச் சிறியதா என்று கேளுங்கள்.

கே: அக்கா, நான் ஆராய்ச்சி மாணவி. பெரிய பேராசிரியர்கள் எழுதிய கட்டுரையின் தரவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், என் விடை ஒத்துப்போகவில்லை. நிச்சயம் தப்பு என்னுடையதுதான் என்கிறார்கள் நண்பர்கள்.

ப: பெரும்பாலும் நம்முடையதாகத்தான் இருக்கும். ஆனால் 'நிச்சயம்' என்ற சொல்லை நண்பர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள் 2010இல் அரசுகளின் கடன் பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒத்துப்போகவில்லை. அவரும் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு ஆசிரியர்களிடமிருந்தே எக்ஸெல் கோப்பை வாங்கித் திறந்தால், சராசரிச் சூத்திரம் கடைசி ஐந்து வரிசைகளைத் தொடவே இல்லை. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே. கடன் மிக அதிகமான நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் என்றது கட்டுரை. இதையும் வேறு இரண்டு தேர்வுகளையும் சரிசெய்தபோது 2.2 சதவீதம் என்று வந்தது. ஹெர்ண்டன் தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2013இல் அதை வெளியிட்டார்.

நீங்களும் அதே வழியில் போங்கள். முதலில் உங்கள் நிரலில் ஒவ்வொரு படியிலும் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். கட்டுரையின் முதல் அட்டவணையில் உள்ள எண்ணிக்கையோடு எந்தப் படியில் பிரிகிறது என்று பாருங்கள். பிரியும் இடம் தெரிந்ததும், "இந்தப் படியில் உங்களுக்கு இத்தனை, எனக்கு இத்தனை, நான் எதைத் தவறவிட்டேன்?" என்று அந்தப் பேராசிரியர்களுக்கே பணிவாக ஒரு கடிதம் போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், தப்பு யாருடையது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.